அடுப்பு சொன்ன 180, தண்ணீர் கண்ட 180

இரும்பு ஆக்சைடின் சிவப்பு நானோ துகள்களை நானே செய்து, நீரில் கலக்கிச் சோதனைக் குழாயில் ஊற்றி அலமாரிக்குள் நிறுத்தி மூன்று நாள் ஆகிவிட்டது. இன்று காலை அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மேலே தெளிந்திருந்த நீர் 5 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே, ஆரத்தித் தட்டில் கரைத்துவைத்த நீரின் நிறத்தில், கலங்கலாக அப்படியே நிற்கிறது. இதற்கு முன் செய்தவை எல்லாம் ஒரே இரவில் அடியில் போய்ப் படுத்துக்கொண்டவை. இது படுக்கவில்லை. ஐந்து மாதம், பதினான்கு முயற்சி, கையில் ஒரு தீக்காயம். எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பணியாளன். குடுவை கழுவுவது, கரைசல் தயாரிப்பது, பூட்டுவது, திறப்பது என் வேலை. சென்ற ஆண்டு மாணவர்களைச் சமாரேலுக்கு அழைத்துச் சென்றபோது ஒரு பெண், ஏழு நிற மண்மேட்டைக் காட்டி, "இந்தச் சிவப்பு எப்படி வந்தது?" என்று கேட்டாள். எரிமலைப் பாறை மழையில் சிதைந்து, கரையக்கூடியது எல்லாம் கரைந்துபோக, இரும்பு ஆக்சைடு தங்கிவிட்டது என்று ஆசிரியர் சொன்னார். "அப்படியானால் ஆய்வகத்தில் செய்து காட்டலாமே" என்றாள். ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டல் ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

பாறை சிதைய எத்தனை யுகம் ஆகுமோ, நம்மிடம் அவ்வளவு நேரம் இல்லை. தண்ணீரை மூடிய கலத்துக்குள் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால் அதே வேலையைச் சில மணி நேரத்தில் செய்துவிடும். இரும்பு உப்பைக் கரைத்து, கலத்தை இறுக மூடி, அடுப்பில் வைக்க வேண்டியதுதான். எழுத்தில் ஒரு வரி.

கலத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். வெளியே 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு, உள்ளே 100 மில்லிலிட்டர் கொள்ளும் டெஃப்லான் கிண்ணம். வெளிவிட்டம் 70 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 2 கிலோ. கிண்ணத்துக்கு 220 டிகிரி வரைதான் அனுமதி. தபால் செலவோடு 4,600 ரூபாய். இதை வீட்டில் குழாயும் மூடியும் சேர்த்து நானே செய்துகொள்ளலாமா என்று ஒரு வாரம் யோசித்ததை ஒப்புக்கொள்கிறேன். 180 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 10 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் பத்து மடங்கு), 220 டிகிரியில் 23 பார் என்று படித்த பிறகு அந்த யோசனை தானாக ஓடிவிட்டது. அடுப்பு கல்லூரியுடையது. கண்ணாடிப் பாத்திரங்களை உலர்த்தும் பழைய மின்னடுப்பு, உள்ளே விசிறி கிடையாது.

முதல் முயற்சிக்கு அலமாரியில் இருந்த இரும்பு உப்பான ஃபெர்ரிக் குளோரைடையே எடுத்தேன். 3.24 கிராம், 60 மில்லி காய்ச்சி வடித்த நீரில். அதாவது 0.2 மோலார். அடுப்பைக் 180க்குத் திருப்பி, மூன்று மணி நேரம் வைத்து, இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில் திறந்தேன். சிவப்பை எதிர்பார்த்த கண்ணுக்கு மஞ்சள் தெரிந்தது. கடுகு அரைத்த விழுதுபோல ஒரு மஞ்சள் பழுப்பு. எக்ஸ்-கதிர்க் கருவி உள்ள ஆய்வகத்தில் வேலை செய்யும் நண்பருக்கு ஒரு சிட்டிகை அனுப்பினேன். "இது ஹெமடைட் இல்லை, அகாகனைட்" என்று பதில் வந்தது. ஹெமடைட் என்பது நான் தேடிய சிவப்பு இரும்பு ஆக்சைடு. இரும்பு, ஆக்சிஜன், ஹைட்ரஜன் சேர்ந்து, இடையில் கொஞ்சம் குளோரினைப் பிடித்துவைத்திருக்கும் பொருள் அகாகனைட். சிவப்பு ஆக்சைடுக்குப் போகும் வழியில் ஒரு சத்திரம். என் இரும்பு சத்திரத்திலேயே தங்கிவிட்டது.

இங்கேதான் முதல் தவறான திருப்பம். குற்றம் வேதியியலில் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அமிலம் அதிகம், காரம் சேர்த்தால் சரியாகும் என்று சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்ற ஆரம்பித்தேன். ஊற்றியவுடன் பழுப்பு நிறக் கூழ் திரண்டது. அதைச் சூடாக்கினால் ஒருமுறை கரும்பழுப்பு, ஒருமுறை மஞ்சளும் சிவப்பும் கலந்த ஏதோ ஒன்று. காரம் மிகுந்தபோது கோதைட் என்ற மஞ்சள் பழுப்பு இரும்புக் கனிமத்தின் ஊசிகள் வந்தன என்று நண்பர் சொன்னார். நான்கு சனிக்கிழமைகள் இப்படிப் போயின. ஒவ்வொரு முறையும் விகிதத்தை மாற்றினேன். அடுப்பின் முள்ளை ஒருமுறைகூடச் சந்தேகிக்கவில்லை.

சந்தேகப்பட்டவர் என் மாமா. தெற்கே ரோஸ் பெல் பக்கம் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுக்கும் வேலை. ஆலை மூடிய பிறகும் அவருடைய காது ஆவியின் சத்தத்திலேயே இருக்கிறது. வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் அத்தையை முந்திக்கொண்டு எழுந்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்தோ பிமான் என்னும் மிளகாய் வடையும் தேநீருமாக உட்கார்ந்திருந்தபோது கலத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழுத்தமானி எங்கே?"

"இதில் கிடையாது மாமா."

"அப்படியானால் உள்ளே எத்தனை டிகிரி என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"அடுப்பில் 180 வைக்கிறேன்."

"அடுப்பு 180 என்று சொல்கிறது. தண்ணீர் என்ன சொல்கிறது, தம்பி? இவ்வளவு இரும்பைத் தாண்டி, இந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கைத் தாண்டிச் சூடு உள்ளே போக வேண்டாமா? பா ப்ரெசே." அவசரப்படாதே என்பதை அவர் எப்போதும் கிரியோலில்தான் சொல்வார்.

பிறகு உள்ளே போய் அட்டை கிழிந்த ஒரு நீராவி அட்டவணையைக் கொண்டுவந்தார். விரலால் ஒரு வரியைக் காட்டினார்: 180 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீர் 1.127 லிட்டர் இடம் பிடிக்கும். "எவ்வளவு ஊற்றுகிறாய்?" 60 மில்லி என்றேன். தலையசைத்தார். அடுத்த முறை 90 ஊற்றலாம் என்று இருக்கிறேன், தூள் அதிகம் கிடைக்குமே என்றேன். மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "தொண்ணூறு ஊற்றினால் அங்கே நூற்றொன்று ஆகும். உன் கிண்ணம் நூறு. ஆவிக்கு இடமே இல்லாமல் தண்ணீரே முழுவதையும் அடைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் தாவித் தாவி ஏறும். அட்டவணையில் இருக்கும் 10 பார் கணக்கு அதற்குப் பொருந்தாது." 60 மில்லி 180 டிகிரியில் 67 மில்லி ஆகிறது. மீதி இடம் ஆவிக்கு. அன்றிலிருந்து 65க்கு மேல் ஊற்றியதே இல்லை. ஊற்றும் அளவைக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் பென்சிலால் கோடு போட்டுவைத்திருக்கிறேன்.

அழுத்தம் தாங்கும் கலத்தில் துளை போட்டு வெப்பமானியை நுழைக்க முடியாது. நுழைக்கவும் கூடாது. அதனால் ஒரு சுற்றுவழி பிடித்தேன். கிண்ணத்தில் 60 மில்லி கடலை எண்ணெய். மூடியைத் திருகாமல் சும்மா மேலே வைத்து, ஓரத்தில் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியை விட்டு, எண்ணெய்க்குள் அதன் நுனி மூழ்கும்படி செய்தேன். எண்ணெய் 180 டிகிரியில் கொதிக்காது, அழுத்தமும் கட்டாது. சூடாக வேண்டிய பெரும் பகுதி எஃகு என்பதால் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான். தண்ணீர் இன்னும் சற்று மெதுவாக ஏறும், அவ்வளவே. அடுப்பைக் 180இல் வைத்து, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். அறை முழுவதும் பலகாரக் கடை வாசனை.

ஒரு மணி நேரத்தில் 102. இரண்டு மணி நேரத்தில் 146. மூன்று மணி நேரத்தில் 159. பிறகு 164க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. அடுப்பின் முள் ஆரம்பத்திலிருந்தே 180ஐக் காட்டிக்கொண்டிருந்தது. தட்டின் நடுவே காற்றை அளந்தால் 168தான்.

ஆக, என் முதல் முயற்சியில் தண்ணீர் 150 டிகிரிக்கு மேல் இருந்தது 50 நிமிடம்கூட இல்லை. 180ஐ அது கண்ணாலும் பார்க்கவில்லை. நான்கு சனிக்கிழமை காரத்தை ஊற்றியது வீண். முள்ளை 197இல் வைத்தால் உள்ளே 180 கிடைக்கிறது என்று இரண்டு முறை எண்ணெயில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அந்தத் தெர்மோகப்பிளும் அதன் மீட்டரும் 750 ரூபாய். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய பொருள்.

உண்மையான 180 டிகிரியில் பழைய குளோரைடுக் கரைசல், ஆறு மணி நேரம். இந்த முறை சிவப்பு வந்தது. ஊதா கலந்த, கனமான, கரடுமுரடான சிவப்பு. ஆனால் மகிழ்ச்சி அடைய நேரம் கிடைக்கவில்லை. ஏனென்றால் வைக்கும் முன்பும் எடுத்த பின்பும் கலத்தை எடை போடும் பழக்கத்தை மாமா பிடிவாதமாக ஏற்படுத்தியிருந்தார். 7 கிராம் குறைந்திருந்தது. எங்கே போனது என்று எஃகுச் சுவரைப் பார்த்தால் தெரிந்தது: மஞ்சள் வழிந்த தடம், அதன் ஓரத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள். கசிந்தது வெறும் ஆவி இல்லை, அமிலமும் குளோரைடும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பிக் குளோரைடை அதன்மேல் கசியவிட்டால் அது மானத்தை விட்டுவிடும்.

கசிவுக்குக் காரணம் டெஃப்லான் கிண்ணத்தின் விளிம்பு. டெஃப்லான் மென்மையான பொருள். சூட்டில் இறுக்கிப் பிடித்தால் மெல்லப் பிதுங்கி உருமாறும். விளிம்பில் நகத்தால் தடவினால் மட்டுமே தெரியும் ஒரு மேடு இருந்தது. மேசைக் கண்ணாடியின்மேல் 1200 எண் உப்புத்தாளை நனைத்து ஒட்டி, கிண்ணத்தைக் கவிழ்த்து, எட்டுப் போடுவதுபோல மெல்லத் தேய்த்தேன். இருபது சுற்று. பிறகு விளிம்பில் பேனாவால் கோடுகள் போட்டு, மறுபடி நான்கு சுற்று. எல்லாக் கோடும் ஒரே சீராக அழிந்தால் விளிம்பு மட்டமாகிவிட்டது என்று அர்த்தம். உப்புத்தாள் 60 ரூபாய். அதன் பிறகு எடைக் குறைவு 0.1 கிராமைத் தாண்டவில்லை. இன்னொன்று: மூடியை ஆறிய நிலையில்தான் இறுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது "இன்னும் கொஞ்சம்" என்று திருகிப் பார்க்கும் ஆசை வரும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

குளோரைடைக் கைவிட்டு ஃபெர்ரிக் நைட்ரேட்டுக்கு மாறினேன். அரைக் கிலோ 1,350 ரூபாய். நைட்ரேட் இரும்பை அவ்வளவாகக் கட்டிப்போடாது. அகாகனைட் சத்திரமும் அந்த வழியில் இல்லை. நைட்ரேட் ஆக்சிஜனேற்றி என்பதால் ஆல்கஹால், சர்க்கரை போன்ற எந்தக் கரிமப் பொருளையும் அதோடு சேர்த்து மூடிய கலத்தில் வைக்கக் கூடாது. தண்ணீர் மட்டும். செறிவையும் குறைத்தேன்: 1.21 கிராம், 60 மில்லி, 0.05 மோலார். முழுவதும் மாறினால் 0.24 கிராம் ஆக்சைடு கிடைக்க வேண்டும்.

ஆறு மணி நேரம் கழித்து நல்ல செங்கல் சிவப்பு. எக்ஸ்-கதிர்ப் படத்தில், 33.2 பாகைக் கோணத்திலும் 35.6 பாகையிலும், ஹெமடைட்டுக்கு உரிய இரு முகடுகளும் தெளிவாக நின்றன. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் நானோ, அதாவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் (100 நானோமீட்டருக்கும்) சிறியது என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அளவு வேண்டுமே. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு நான் எங்கே போவது? 30 சென்டிமீட்டர் அளவுகோல் இருந்தது.

நீரில் மூழ்கும் துகளின் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஹெமடைட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல் 5.26 மடங்கு. கணக்குப் போட்டால் 1 மைக்ரோமீட்டர் துகள் மணிக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் இறங்கும். 100 நானோமீட்டர் துகள் ஒரு நாள் முழுவதும் சேர்த்து 2 மில்லிமீட்டர்தான். குழாயில் கலங்கலை ஊற்றி, அசையாமல் நிறுத்தி, தெளிவின் எல்லை எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் போதும். துல்லியமானது இல்லை, பத்து மடங்கு தவறு செய்யாமல் காப்பாற்றும். மாலை ஐந்து மணிக்கு நிறுத்தினேன். மறுநாள் காலை ஏழுக்கு 38 மில்லிமீட்டர் தெளிந்திருந்தது. துகள் அரை மைக்ரோமீட்டருக்கும் சற்று மேல். இது நானோ இல்லை, சாதாரணச் செம்மண். அன்று முற்பகலில் புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு ஏறியதால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மூன்று நாள் கழித்துத் திரும்பியபோது குழாயில் மேலே குடிக்கலாம் போலத் தெளிந்த நீர், அடியில் ஒரு விரல் கனத்தில் சிவப்புச் சேறு.

வீட்டில் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு இருந்த அந்த மூன்று நாளில்தான் விஷயம் புரிந்தது. ஜப்பானின் செண்டாய் நகரில், தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் அட்சிரி, அராய் ஆகியோர் 1992இல் வெளியிட்ட முறையைப் பற்றி முன்பே படித்திருந்தேன். அவர்கள் உப்புக் கரைசலைப் பாத்திரத்தில் வைத்து மெல்லக் காய்ச்சவில்லை. தண்ணீரைத் தனியாக அதன் மாறுநிலைக்கும் மேலே கொண்டுபோய், குளிர்ந்த கரைசலோடு குழாய்ச் சந்திப்பில் மோதவிட்டார்கள். மாறுநிலை என்பது திரவமும் ஆவியும் ஒன்றாகிவிடும் 374 டிகிரி, 221 பார். கரைசல் நொடியில் சூடாகிறது. ஒரே நேரத்தில் எண்ணற்ற படிக விதைகள் பிறக்கின்றன. இரும்பு எல்லாருக்கும் பங்காகி யாரும் கொழுக்க முடிவதில்லை. என் அடுப்பில் நடப்பது நேர் எதிர். இரண்டு மணி நேரம் மெதுவாகச் சூடேறும்போது முதலில் பிறந்த சில விதைகளே பந்தியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டுப் பெருத்துவிடுகின்றன. தண்ணீர் எத்தனை டிகிரியைத் தொட்டது என்று பார்த்தேனே தவிர, எவ்வளவு வேகமாகத் தொட்டது என்று பார்க்கவில்லை.

374 டிகிரி, 221 பார் எனக்கு வேண்டாம். 180ஐ வேகமாகத் தொட்டால் போதும். அடுப்பை முன்பே சூடாக்கிக் கலத்தை உள்ளே வைத்துப் பார்த்தேன். எண்ணெய்ச் சோதனையில் இருபது நிமிடம்தான் லாபம். சூடான காற்று சோம்பேறி. உலோகம் தொட வேண்டும். ஒரு லேத் பட்டறையில் 16 சென்டிமீட்டர் விட்டம், 13.5 சென்டிமீட்டர் உயரத்தில் அலுமினியக் கட்டை ஒன்றை வெட்டி, நடுவே கலம் உட்காரும் குழி கடைந்து வாங்கினேன். எடை 6 கிலோ. 2,400 ரூபாய். கட்டையை 215 டிகிரிக்குச் சூடாக்கி, ஆறிய கலத்தை அதற்குள் இறக்கினால் இரண்டும் சூட்டைப் பகிர்ந்துகொண்டு 172 டிகிரியில் சமாதானம் ஆகும் என்று கணக்கு. கட்டையில் அதற்கு மேல் கொடுக்கச் சூடு இல்லாததால் எல்லை மீறும் பயமும் இல்லை. எண்ணெயில் சோதித்தபோது 28 நிமிடத்தில் 170. டெஃப்லான் சுவர் மட்டும் குறுக்கே நிற்காவிட்டால் இன்னும் வேகமாக ஏறியிருக்கும்.

குழியின் அளவை மட்டும் நானே கெடுத்தேன். சூடு நன்றாகப் பாய வேண்டும் என்ற பேராசையில் 70.05 மில்லிமீட்டர் கடையச் சொன்னேன். பட்டறைக்காரர் புருவத்தை உயர்த்தினார். நான் கேட்கவில்லை. சூடான கட்டை விரிந்திருப்பதால் கலம் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. இரண்டு மணி நேரம் கழித்து, சீக்கிரம் ஆறட்டும் என்று கட்டையை அப்படியே வாளித் தண்ணீரில் வைத்தேன். அலுமினியம் சட்டென்று ஆறிச் சுருங்கியது. உள்ளே கலம் இன்னும் சூடாக, விரிந்தபடி. கட்டை கலத்தைக் கவ்விக்கொண்டது. இழுத்தேன், திருகினேன், மரச் சுத்தியலால் தட்டினேன். உள்ளே இன்னும் அழுத்தத்தோடு இருக்கும் கலத்தைச் சுத்தியலால் தட்டுகிறேன் என்பது நான்காவது தட்டில்தான் உறைத்தது. வாளியிலிருந்து தூக்கும்போது கலத்தின் மூடியில் மணிக்கட்டு பட்டு வெந்தது.

மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஒன்றும் செய்யாதே. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போ" என்றார். காலையில் வந்து கட்டையைக் கவிழ்த்தேன். கலம் தானாக உள்ளங்கையில் விழுந்தது. பட்டறைக்குத் திரும்பிப் போய்க் குழியை 70.5க்குப் பெரிதாக்கினேன். 300 ரூபாய். பட்டறைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை; அதுதான் அதிகம் சுட்டது.

பன்னிரண்டாவது முயற்சி சரியாக வந்திருக்க வேண்டியது. நைட்ரேட் 0.05 மோலார், கட்டை 215, கலத்தை இறக்கியபின் அடுப்பு உள்ளே 175 நிற்கும்படி இரண்டு மணி நேரம், இரவு முழுவதும் தானாக ஆறுதல். திறந்தபோதே நிறம் வேறாக இருந்தது. செங்கல் இல்லை, ஆரஞ்சுச் சாயலுள்ள சிவப்பு. வடிதாளில் ஊற்றினேன், நிறம் தாளை அப்படியே கடந்து கீழே இறங்கியது. இதுவரை தாளில் தங்காமல் போனதற்காக மகிழ்ந்தது அன்றுதான். அமிலத்தைக் கழுவ மையவிலக்கியில் நிமிடத்துக்கு 4000 சுற்றில் இருபது நிமிடம் போட்டு, அடியில் சேர்ந்ததை மறுபடி நீரில் கலக்கி, மறுபடி சுற்றினேன். மூன்றாவது கழுவலில் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துவிட்டது. ஒரே ஒருமுறைதானே என்று குழாய் நீரை ஊற்றினேன். என் கண் முன்னால் அது பால் திரிந்ததுபோல் திரிந்தது. சிவப்புத் திப்பிகள் உருண்டு, ஐந்து நிமிடத்தில் அடியில் உட்கார்ந்தன. குழாய் நீரில் இருக்கும் உப்புகளும் அதன் லேசான காரத்தன்மையும் துகள்களை ஒன்றையொன்று விலக்கிவைத்த மின்னேற்றத்தைக் கெடுத்துவிட்டன. நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி விட்டு ஆட்டினேன். பாதி திரும்பி வந்தது. மீதி வரவில்லை.

பதிமூன்றாவதில் தராசு பிழை, சொல்ல ஒன்றுமில்லை.

பதினான்காவதுதான் அலமாரியில் நிற்பது. கழுவ ஒன்றரை லிட்டர் காய்ச்சி வடித்த நீர் முன்கூட்டியே எடுத்துவைத்திருந்தேன். உலர்த்தி எடை போட்ட பகுதியை வைத்துக் கணக்கிட்டால் மொத்தம் 0.19 கிராம், 0.24க்கு இது மோசமில்லை. மீதி இரும்பு, வினையில் பிறந்த அமிலத்திலேயே கரைந்து நின்றிருக்கும். உலர்ந்த தூள் மூச்சில் போகக்கூடியது என்பதால் அந்தச் சிட்டிகையைத் தவிர மற்றதை ஈரமாகவே மூடிவைத்திருக்கிறேன். மூன்று நாளில் 5 மில்லிமீட்டர் என்றால் துகள் சுமார் 90 நானோமீட்டர். நண்பர் அனுப்பிய எக்ஸ்-கதிர்ப் படத்தில் 33.2 பாகை முகட்டின் அகலம், கருவியின் பங்கைக் கழித்தபின், 0.24 பாகை, அதிலிருந்து வரும் படிக அளவு 35 நானோமீட்டர். ஒன்று 90, ஒன்று 35. முதலில் பதறினேன். பிறகு, அளவுகோல் முழுத் துகளையும் எக்ஸ்-கதிர் ஒற்றைப் படிகத்தையும் அளக்கின்றன என்று புரிந்தது. சில படிகங்கள் ஒட்டிக்கொண்டு ஒரு துகளாக மிதக்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் யாராவது பார்த்துச் சொல்லும்வரை, நூறு நானோமீட்டருக்குக் கீழே என்று மட்டும் சொல்லிக்கொள்வேன்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். கலம் 4,600, நைட்ரேட் 1,350, அலுமினியக் கட்டை 2,400, என் பிடிவாதத்துக்கு அபராதம் 300, தெர்மோகப்பிள் 750, உப்புத்தாள் 60, கடலை எண்ணெய் 140. மொத்தம் 9,600 ரூபாய். ஒரு கடுகளவு சிவப்புக்கு இது அநியாயம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

அந்தப் பெண் நேற்று வந்து பார்த்தாள். நல்ல சிவப்பை விட்டுவிட்டு, நான் வெட்கப்பட்டுப் பின்வரிசையில் ஒளித்துவைத்திருந்த பழைய குழாய்களையெல்லாம் எடுத்து வரிசையாக நிறுத்தினாள். அகாகனைட் மஞ்சள், கோதைட் கலந்த பழுப்பு, குளோரைடில் வந்த ஊதாச் சிவப்பு, செங்கல், கடைசியில் ஆரஞ்சு. "ஐந்து வந்துவிட்டதே, இன்னும் இரண்டுதானே" என்றாள். அதில் ஒன்றுக்கு அலுமினியம் வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் குடுவை கழுவப் போய்விட்டேன்.

அடுத்த முறை மாற்றப்போவது மூன்று. தெர்மோகப்பிளுக்கு அலுமினியக் கட்டையின் ஓரத்தில் 3 மில்லிமீட்டரில் ஒரு துளை போட வேண்டும். கட்டையில் துளை போடுவதில் ஆபத்து இல்லை, ஒவ்வொரு முறையும் எண்ணெய்ச் சோதனை செய்யும் தொல்லை தீரும். செறிவை 0.02 மோலாராகக் குறைத்து, நேரத்தை ஒரு மணியாக்கிப் பார்க்க வேண்டும். டெஃப்லான் கிண்ணம் பதினான்கு சூட்டிலும் மூன்று முறை தேய்த்ததிலும் உயரம் 0.3 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. மூடி இன்னும் பிடிக்கிறது, ஆனால் திருகு முன்பைவிட அரைக்கால் சுற்று அதிகம் போகிறது. புதுக் கிண்ணத்துக்கு 900 ரூபாய் சொல்கிறார்கள். அது வந்து சேரும்வரை அடுப்பைப் பாத்திரம் உலர்த்தவே விட்டிருக்கிறேன்.